ஆலங்கட்டியின் அளவு

நெப்ராஸ்காவில் என் வேலை
ஆலங்கட்டி மழை ஓய்ந்த மறுநாள்
சோளக்காட்டில் இறங்கி நடப்பது.
எத்தனை தண்டு முறிந்தது, ஏக்கருக்கு என்ன நட்டம்.
காப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: கல்லின் அளவு.
பட்டாணி. கோலிக்குண்டு. கோழிமுட்டை.
அதற்கும் மேலே போனால்
பேஸ்பால்.
பத்தொன்பது வருடமாக அந்தச் சொல்லைக்
கை நடுங்காமல் எழுதி வந்திருக்கிறேன்.

மார்ச் மாதம் கீகன் ஒரு தாளை நீட்டினான்.
"இந்த வருஷம் மெஷின் இல்லப்பா. பசங்களே வீசுவோம்."
கையெழுத்துக் கோட்டுக்கு மேலே
எறும்புச் சாரையாய் ஒரு பத்தி:
காயம், ஊனம், அதற்கடுத்த சொல்.
அதற்கடுத்த சொல்லை இரண்டு முறை படித்தேன்.

அன்றிரவு சமையலறை மேசையில் கணக்குப் போட்டேன்.
பந்து, ஐந்து அவுன்ஸுக்குச் சற்று மேல்.
தூரம், நாற்பத்தாறு அடி.
அடிபட்ட பந்து வீசியவனிடமே திரும்பி வரக்
கண்ணிமைக்கும் நேரம்.
மே மாதம் மகரந்தம் பறக்கையில்
என் பையன் ஓயாமல் இமைப்பவன்.
நெஞ்சில் ஓர் இடம் இருக்கிறதாம்,
துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறதாம்,
அந்த இடமும் அந்தக் கணமும் சந்தித்தால்...

ஜேனல் மடிக்கணினியை மூடினாள்.
"உன் தம்பி டிராக்டருக்கு அடியில் போனானே,
அது எந்த ஆட்டத்தில்?"
நான் பதில் சொல்லவில்லை. அவளும் உடனே
கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவப் போனாள்.

வாங்கினேன். நெஞ்சில் திண்டு வைத்த சட்டை,
வாய்க்காப்பு, முகத்துக்குக் கம்பி போட்ட ஹெல்மெட்.
பயிற்சியாளர் டுவைட் ஹ்ரூஸ்கா சிரிக்கவில்லை,
அதற்காகவே அவரை மதித்தேன்.
"ஆமை மாதிரி இருக்கேன்" என்றான் கீகன்.
வீச்சு எண்ணும் வேலையை நானே கேட்டு வாங்கினேன்.
பத்து வயது முழங்கைக்கு ஐம்பது போதும்.
வீச்சுக்கு ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு கட்டு,
வேலிக்குப் பின்னால் பென்சிலும் நானும்.

ஜூன் பதினொன்று, திங்கள். முப்பத்திரண்டாவது கோடு.
பந்து விரலிலிருந்து நழுவியது.
நான் அஞ்சிய திசையில் அது வரவில்லை.
போனது.
மட்டையோடு நின்றவன் பிளேர் நோவோட்னி,
ஒன்பது முடியவில்லை, அண்ணனின் பழைய ஹெல்மெட்,
தாடைக்குக் கீழே வார் தொங்கிக்கொண்டிருந்தது.
ஈரத் தண்டு முறியும் சத்தம் எனக்குத் தெரியும்.
இது வேறு.

கன்ன எலும்பு, மூன்று தையல், ஒரு பல்.
கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னது வியாழக்கிழமை.
அதுவரை எங்கள் வீட்டில்
யாரும் டிவி போடவில்லை.

என் கணக்கு முழுக்க வருகிற பந்தைப் பற்றியது.
என் மகன் கையிலிருந்து போகிற பந்துக்கு
நான் ஒரு கட்டம்கூடப் போட்டு வைக்கவில்லை.
அந்தச் சட்டை, அந்தத் திண்டு,
இதிலிருந்து அவனை எப்படிக் காக்கும்?

சனிக்கிழமை பிளேரின் அம்மா மார்லா அழைத்தாள்.
"கீகன் போட்டிருந்தானே கம்பி வச்ச ஹெல்மெட்,
அது எங்க கிடைக்கும்?"
குரலில் கோபமில்லை. இருந்திருக்கலாம்.
கடையைச் சொன்னேன். விலையைச் சொல்ல வாயெடுத்து
நானே வாங்கித் தருகிறேன் என்றேன்.
"வேண்டாம்" என்றாள். "அளவு மட்டும் சொல்லுங்க."

இப்போது கீகன் கொட்டகைச் சுவரில் வீசுகிறான்.
சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பையனை வரைந்திருக்கிறான்,
கையில் மட்டை, முகத்தில் கம்பி.
அவனுக்கு ஒரு கை விட்டு விழுகிறது பந்து.
அடுத்தது, அரைச் சாண் நெருங்கி.
அதற்கடுத்தது மறுபடி எட்டப் போகிறது.
ஐம்பது ஆகிவிட்டது. முழங்கை இருக்கிறது,
நிறுத்தச் சொல்ல வேண்டும்.
ஐம்பத்தொன்று.
ஐம்பத்திரண்டு.
பென்சில் என் கையில்தான் இருக்கிறது.