அரை அடி திறப்பு

வெண்ணாறு மூன்றாய்ப் பிரியும் தலைப்பில்
ஷட்டரை ஏற்றி இறக்குவது என் வேலை.
லஸ்கர் என்பார்கள்.
எத்தனை அடி என்று மேலேயிருந்து போன் வரும்.
திறப்பேன்.

நாய்க்குட்டி விஷயத்தில்
போன் எதுவும் வரவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் முதல் ஊசி.
நீடாமங்கலம் கால்நடை ஆஸ்பத்திரியில்
சினை மாடுகளுக்கு நடுவே
இலக்கியா அதைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு நின்றாள்.
"தரையில விடாதீங்க" என்றார் டாக்டர் ரிஸ்வானா.
எழுதிக்கொண்டேன்.
"அதுக்காக வீட்லயே பூட்டி வைக்காதீங்க.
பதினாலு வாரத்துக்குள்ள பாத்துப் பழகுனதுக்குத்தான்
பின்னாடி பயப்படாம இருக்கும்."
அதையும் எழுதிக்கொண்டேன்.
ரயில்வே கேட் மூடிக் கிடந்த முக்கால் மணி நேரமும்
அந்த இரண்டு வரியையே
மாற்றி மாற்றிப் படித்தேன்.

புஷ்பவல்லி பூட்டுகிற கட்சி.
போன வருஷம் ராக்கெட்
நாலே நாளில் ரத்தமாய்ப் போய்
கொல்லைப் பூவரசடியில் கிடக்கிறான்.
இதற்குப் பெயர் வைக்கவும் அவள் விடவில்லை.
மூணாவது ஊசி முடியட்டும் என்றாள்.
அதுவரை வாசல் தாண்டக் கூடாது.

டாக்டரம்மா போனில் கேட்டார்:
"போனது எந்த இடத்துல செத்துச்சு?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.
அந்தக் கிருமி மண்ணுக்குள்
வருஷம் தாண்டியும் கிடக்குமாம்.
நாங்கள் பத்திரம் என்று நினைத்த
அதே கொல்லையில்.

அன்று ராத்திரி பிளீச்சிங் பவுடர் வாடையில்
மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டோம்.
குட்டி கட்டிலின் மேல்
வயிற்றை வானத்துக்குக் காட்டித் தூங்கியது.

மறுநாளிலிருந்து
தரை தொடாமல் ஊர் சுற்றியது.
எக்ஸெல் வண்டியின் முன்னால் அரிசிப் பை,
அதற்கு மேலே இரண்டு காது.
கொள்முதல் நிலையத்தில் சாக்கு தைக்கிறவர்கள்,
குடை, தாடி, ஹெல்மெட்,
கோரையாற்றில் இறங்கும் வாத்து மந்தை,
சாவு வீட்டுப் பறை,
அறுவடை மிஷின்,
மன்னார்குடி பஸ்ஸின் ஏர் ஹாரன்.
வரப்பில் மட்டும் இறக்கவில்லை.
வரப்பு எலிக்குச் சொந்தம்,
எலி மூத்திரத்தில் வருகிற காய்ச்சலுக்கான மருந்து
இன்னும் உள்ளே போகவில்லை.

மேலத்தெரு மரியசெல்வத்தின் கிழட்டு நாய்
மொட்டை மாடிக்கு விருந்தாளியாய் வந்தது.
ஊசிச் சீட்டை வாங்கித் தேதி பார்த்த பிறகே
புஷ்பவல்லி படியை விட்டு நகர்ந்தாள்.
எவ்வளவு கடித்தால் விளையாட்டு என்பதை
இரண்டும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொண்டன.

கொஞ்சமாய்த் திறந்தால் கடைமடை காயும்.
முழுசாய்த் திறந்தால் கரை நிற்காது.
இருபது வருஷமாய்ச் செய்கிற வேலைதான்.
ஆனாலும் குட்டி ஒரு தும்மல் போட்டால்
நடுராத்திரியில் டார்ச்சோடு எழுந்து
மூக்கின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
பக்கத்தில் ஏற்கனவே
இன்னொரு கை இருந்தது.

மூன்றாம் ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து
தலைப்புப் பாலத்தில் இறக்கிவிட்டேன்.
நாலு காலும் யாருடையதோ மாதிரி நின்றது.
பிறகு என் செருப்பின் மேல் மூத்திரம் பெய்தது.
தூரத்தில் ரயில் போனது, நிமிரவில்லை.
ஷட்டர் கிறீச்சிட்டது, வாலாட்டியது.
"கிச்சிலி" என்று கூப்பிட்டாள் புஷ்பவல்லி.
எங்களுக்குத் தெரியாமல்
எத்தனை நாளாய் வைத்திருந்தாளோ அந்தப் பெயரை.

முறை வைத்தார்கள்.
மேலே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்.
போன் வந்ததும் மூன்றையும் இறக்கினேன்.
நுரை அடங்கி, இரைச்சல் அடங்கி
ஆறு சும்மா கிடந்தது.
கிச்சிலி காதைத் தூக்கியது.
எதிரே இருந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துக் குரைத்தது.
பின்வாங்கி என் கால்களுக்கு நடுவே
நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தது.

அதை நாங்கள் காட்டியிருக்கவில்லை.

இலக்கியா ஓடிப்போய்
வண்டியிலிருந்து அரிசிப் பையை எடுத்து வந்தாள்.
பின்னங்கால்கள் மட்டும்
அதற்குள் கொண்டன.