கிளட்ச் மூடியில் ஒரு புள்ளி

நிமிர்த்தி வைத்துக் கழற்றினால் கொட்டும்.
சைட் ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்த்துவிட்டால்
எண்ணெய் அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும்,
வடிக்கவே வேண்டாம்.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு
இரண்டு லிட்டர் எண்ணெய்,
கராஜில் சுருட்டி வைத்திருந்த ஒரு கார்ப்பெட்.

பழைய மூடியில் ஹிகின்சன் ஹைவேயின் கிறுக்கல்.
மார்ச் மழை. பஸ் சிந்திய டீசல்.
நானும் வண்டியும் தனித்தனியாக
நாற்பது மீட்டர் வழுக்கினோம்.
முழங்கை ஆறிவிட்டது.
அலுமினியம் ஆறாது.

பன்னிரண்டு போல்ட், எல்லாம் ஒரே நீளம் இல்லை.
கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டையில் மூடியை வரைந்து
எது எந்த ஓட்டையோ அங்கேயே குத்தி வைத்தேன்.
நீளமான மூன்றும் கீழே.
ஒட்டிக்கிடந்த கேஸ்கட்டைச் சுரண்ட
வார்டில் காயத்துப் பிளாஸ்டர் பிரிக்கிற
அதே விரல்கள்தான், அதே மூச்சடக்கம்.

புது மூடி பைன்டவுன் பட்டறையில் கடைந்தது.
கறுப்பு.
ஒரே ஒரு சொல் வெட்டச் சொல்லியிருந்தேன்:
மெல்ல.
மெஷினை ஓட்டிய யோஹானுக்கு
அது எழுத்தில்லை, படம்.
வளைவை வளைவாகத்தான் வெட்டினான்.
நடு எழுத்தின் தலையில் இருந்த புள்ளியை மட்டும்
ஓட்டை என்று நினைத்து
ஓட்டையாகவே போட்டுவிட்டான்.

எனக்கு அது தெரியாது.
எட்டு மணிக்கு லோட்ஷெடிங்,
சாட்ஸ்வர்த் மேடெல்லாம் ஒரே இருட்டு.
நெற்றி டார்ச் வெளிச்சத்தில்
எதிரெதிர் போல்ட்டாக, பத்து நியூட்டன் மீட்டர்,
ஸ்பானர் டிக் என்னும் வரை.
கிளப்பினேன். நிமிர்த்திப் பிடித்தேன்.

மெல்ல
ஒரு துளி.

பிறகு இன்னொன்று.

புள்ளி வைத்தால் எழுத்து வாயை மூடும்.
இது திறந்துகொண்டது.

குமரேசன் சிரித்த சிரிப்பில்
எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.
"எழுதினபடியே ஒழுகுது பார்" என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சுவரில் தொங்கிய அவன் மீன்பிடி ரீலை இறக்கினேன்.
அதில் ஒரு பித்தளைத் திருகாணி,
சரியாகப் புள்ளியின் பருமன்.
சிரிப்பு நின்றது.

மறுபடி பன்னிரண்டு போல்ட், மறுபடி அட்டை,
கையிருப்பில் இருந்த கடைசி கேஸ்கட்.
உள்ளே கிளட்சில் உரசாதபடி நுனியை அராவி
எபாக்ஸி தடவி முறுக்கினேன்.
இறுக ஓர் இரவு பிடித்தது,
கரண்ட் வர இரண்டு மணி.

ஞாயிறு காலை பெட்ரோல் போட்ட துலானி
குந்தி உட்கார்ந்து பார்த்தான்.
என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான், சொன்னேன்.
எழுத்தை விட்டுவிட்டு
அந்தப் பித்தளையை மட்டும் விரலால் தடவி,
இது அழகு, எங்கே வாங்கினாய் என்றான்.

வாங்கவில்லை, கடன்.
ஷாட் மீன் கரைக்கு வருவதற்குள்
திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.