குறைவு: ஒன்று

படிவங்களில் தொழில் என்ற கட்டத்துக்குள்
கட்டடக்கலைஞர் என்று எழுதுவேன்.
எந்தக் கட்டடம் என்று கேட்டால்
காட்ட ஒன்றும் இல்லை.
பதினான்கு வருசத்தில் நான் கட்டிய எதுவும்
நான்காம் நாள் நின்றதில்லை.

முதல் மேடை பரந்தனில்.
இரண்டு உழவு மெசின் பெட்டிகளை முதுகோடு முதுகு வைத்து
நடுவில் விழுந்த இடைவெளியைப் பலகையால் மூடினோம்.
பாடகனின் இடது கால் அந்தப் பலகைக்குள் போனது.
அவன் பாட்டை விடவில்லை.
நான் அன்றிரவே
இடைவெளிகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

பிறகு கொழும்பு, மெல்பேர்ண், துபாய்.
நெருப்புக் கக்கும் குழாய்கள்.
ட்ரம்ஸ்காரரைப் பன்னிரண்டு அடிக்குத் தூக்கும் லிஃப்ட்.
ஒரு கித்தார்க்காரர் சொன்னார்:
"நான் வானத்திலிருந்து இறங்க வேணும்."
எத்தனை கிலோ என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. எழுபத்தெட்டு. கித்தார் தனி.

இந்த ஆடியில் கிளிநொச்சி.
எண்பது அடி முகப்பு, பதினெட்டு நங்கூர முளை.
துளைக்கவா என்று தினேத் பார்த்தான்.
நிலம் துப்புரவு என்ற கடிதத்தைத் தேடினேன்,
வேறெந்த ஊர் மைதானத்திலும் நான் கேட்காத கடிதம்.
முத்திரை இருந்தது. திகதி இருந்தது.
என்றாலும் முதல் துளைக்கு
தேத்தண்ணி குடிக்கிற சாட்டில்
எல்லோரும் கொஞ்சம் தள்ளிப் போனோம்.

கச்சான் இங்கே இரண்டு.
ஒன்று கேற் வாசலில், செல்வமலர் அக்காவிடம்,
சுருள் நூறு ரூபா.
மற்றது பின்னேரம் அக்கராயன் பக்கமிருந்து வந்து
கூரையைக் கழற்றிப் பார்க்கும். காசில்லை.
அதற்காகப் பின்திரையில் ஓட்டைகள் வைத்தேன்.
முன்னால் போட்ட பலகைத் தளத்துக்கு
சனம் துள்ளினால் வரும் பாரமும் சேர்த்தேன்.
"எங்கட சனம் துள்ளாது," என்றார் ஏற்பாட்டாளர் மகிழ்நன்,
"கதிரையில இருந்து பார்க்கும். காசை வீணாக்காதேங்கோ."
மூவாயிரம் பிளாஸ்ரிக் கதிரைகள் வந்திறங்கின.

எங்கே படிச்சனீங்கள் என்று பத்திரிகைப் பெடியன் கேட்டான்.
மொறட்டுவ என்றேன்.
பதினொரு வயதில் எங்கள் வீட்டுத் தகரங்களுக்குக்
கரியால் இலக்கம் போட்டதை அவனுக்குச் சொல்லவில்லை.
ஒன்றிலிருந்து முப்பத்தாறு.
கழற்றி ஏற்றித் தருமபுரத்தில் பூட்டினோம்.
கழற்றி ஏற்றி விசுவமடுவில் பூட்டினபோது இருபத்தொன்று.
அதற்குப் பிறகு எண்ணவில்லை.
இப்போது வெள்ளை மை.
ஏழின் வால் மட்டும் அப்படியே வளைகிறது.

மூன்றாவது பாட்டில்
முன்வரிசைக் கதிரைகள் தலைக்கு மேலால்
கைமாறிக் கைமாறிப் பின்னுக்குப் போயின.
வேலை முடிந்து நேரே வந்த கார்மெண்ட்ஸ் பெட்டைகள்,
சைக்கிளை விடாமல் பிடித்தபடி ஒரு சாறக்காரர்,
துள்ளினார்கள்.
நான் தளத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு
குழாயில் காது வைத்திருந்தேன்.
நாலு மில்லிமீற்றர் அசைவு. நான் எழுதியிருந்தது ஆறு.
மகிழ்நனுக்குக் காட்டலாமென்று வெளியே வந்தால்
அவரும் அதற்குள்தான், சேட்டு நனைந்து.

விடியப்புறம் கழற்றி முடித்து எண்ணினோம்.
லொறி ஏ ஒன்பது வீதிக்கு ஏறுமிடத்தில்
நிலத்தில் பாதி இறக்கிய இரும்பு.
என் ஆட்கள் இறக்குவதை விட நேராக.
தலையில் வெள்ளை மையில் 17.
அதில் ஒரு ஆடு.
கயிறு எட்டிய மட்டும் புல் வட்டமாய்க் குறைந்திருந்தது.

தினேத் கதவைத் திறந்தான்.
இரு என்றேன்.
முளை பதினெட்டு, வந்தது பதினேழு, குறைவு ஒன்று
என்று புத்தகத்தில் எழுதிவிட்டு
இன்னொருமுறை பார்த்தேன்.
முப்பது கிலோ இருக்கும்.
தாங்கும்.