வெள்ளிக்கிழமை டெரான்

செஷானாவின் கடைசி பஸ்ஸைப்
பணிமனையில் நிறுத்திவிட்டு வந்தேன்.
புர்யா காற்று கூரை ஓடுகளை
ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறது.
ஸ்டோயான் ஏற்கெனவே தக்கையைப் பிடுங்கிவிட்டான்.
காற்றில் உலர்ந்த பன்றித்தொடை, நாலு துண்டு.
ரொட்டி மறந்துபோயிற்று.

போன குளிர்காலத்துக் காய்ச்சல்
எல்லாவற்றையும் திருப்பித் தந்தது,
அவன் மூக்கைத் தவிர.
புளிப்பு தெரியும், சில்லிப்பு தெரியும்.
மிச்சமெல்லாம் நான் சொல்லித்தான்.

"என்ன இருக்கு?"
நாக்கின் ஓரங்களில் உருட்டுகிறேன்.
புளிச்செர்ரி.
மழை நனைத்த சுண்ணாம்புக்கல்.
அப்புறம் கொஞ்சம் துரு,
பஸ் கதவின் கைப்பிடியை
நக்கிப் பார்த்த மாதிரி.
"யார் நக்கினது?"
"நான்தான். ஆறு வயசில்."
சிரித்த சிரிப்பில்
அவன் சட்டையில் ஊதாவாய் ஒரு சொட்டு.

இரண்டாம் கோப்பைக்கு
எனக்குச் சொல் வரவில்லை.
மண்ணின் சிவப்பு, அதற்கும் அடியில்
இன்னதென்று பிடிபடாத ஒன்று.
வாய் நிறைய வைத்துக்கொண்டு
விழுங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் முகத்தையே பார்த்தவன்
"அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்றான்.
தன் கோப்பையைக் கையிலெடுத்தான்.
அவசரப்படவில்லை.