நிகர எடை

பகாவ் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
லோரி ஏறியதும் எண் ஆடும்:
இருபத்தொன்று நானூறு,
முந்நூற்று எண்பது,
மறுபடி நானூற்று இருபது.
எஞ்சினை அணை என்று கண்ணாடியைத் தட்டுவேன்.
அ ஹெங் அணைப்பான். எண் அடங்கும்.
அடங்கியதைத்தான் எழுத வேண்டும்.
பதினெட்டு வருசமாய் இதுதான் சோறு.

எனக்குள் எண் அடங்காமல் போனது
போன மழையில்.
ஆறு படி ஏறுமுன்
நெஞ்சுக்குள் யாரோ கோழியை
அமுக்கிப் பிடித்த மாதிரி.
நாடி பார்த்த ரொஹானா
கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
திரும்பவும் கடிகாரத்தை.
"இதை எப்படி எண்ணுவது, அக்கா?"

கோலாலம்பூரில் டாக்டர் யோங்
காகிதத்தில் ஒரு மேலறை வரைந்தார்.
ஒரே வழியாய்ப் போகவேண்டிய மின்சாரம்
கண்டபடி அலைகிறது என்றார்.
மேய்கிறது என்று நான் எழுதிக்கொண்டேன்.
பனியால் கோடு கோடாய்ச் சுடுவார்களாம்.
சுட்ட இடம் தழும்பாகும்.
தழும்பை மின்சாரம் தாண்டாது.

தாண்டாது.
அந்தச் சொல் எனக்குத் தெரியும்.
நிர்வாகத்துக்காக நானே தட்டச்சு செய்தது:
'எல்லை நெடுகப் பள்ளம் வெட்டப்படும்.
மாடுகள் தாண்டாது.'
மூன்றாம் டிவிஷன் வைரக்கண்ணுக்குப்
பதினாலு உருப்படி.
கடிதம் மூன்றிலும் சாப் குத்தியது என் கை.
சினைமாடு பள்ளத்தில் விழுந்த விடியலில்
அலுவலக வாசலில் வந்து நின்றார்.
ஒன்றும் கேட்கவில்லை.
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.
நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொன்று" என்றார் டாக்டர்.
சின்ன வயதுக் காய்ச்சல்
வால்வின் இதழைச் சுருக்கிவிட்டிருக்கிறது.
ஒட்டுப் போட்டு நீட்ட வேண்டும்.
ஒட்டு, மாட்டின் இதய உறையிலிருந்து.
உங்கள் சமயத்தில் தடை ஏதும்...?
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.
கட்டங்கள் எனக்குப் பழக்கம்.
இல்லை என்று குறித்தேன்.
கைதான் கொஞ்சம் நேரம் எடுத்தது.

ஒன்றே முக்கால் மணி நேரம்
என் இதயம் நின்றிருந்ததாம்.
எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.
வேறெப்படிப் பார்ப்பது.

விழித்தபோது விலாவுக்குக் கீழே
இரண்டு நீலக் கம்பிகள் தொங்கின.
திரையில் கோடு
சமமாய், சமமாய், சமமாய்.
அழவில்லை. நெஞ்செலும்பில் கம்பித் தையல்,
அழுதால் வலிக்கும்.
இருமும்போது தலையணையைக்
கட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.
வீட்டுக்கு அனுப்புமுன் எடை பார்த்தார்கள்:
நாலு கிலோ குறைவு.
அதில் கட்டைவிரல் அகல மாட்டைச் சேர்த்தார்களா,
கிராமில் அது எவ்வளவு,
யாரும் சொல்லவில்லை.

மூன்று மாதம் நம்பாதீர்கள் என்றார் யோங்.
தழும்பு முற்றும்வரை
சில சமயம் பழைய வழிக்கே ஓடும்.
ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை, பாசார் மாலாமில்,
ரத்தம் இளக்கும் மாத்திரைக்குக் கீரை அளவோடு என்பதால்
கங்கோங் கட்டை எடுப்பதா வைப்பதா
என்று நின்றபோது.
முட்டைக்கடை வெளிச்சத்தில் உட்கார்ந்தேன்.
கடைக்காரன் கேட்காமலே தண்ணீர் தந்தான்.
பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது,
அந்தியில் ஓட்டாமலே பட்டிக்கு வருவதுபோல.

இன்று வேலைக்கு வந்தேன்.
மேசையில் குறிப்பு:
வைரக்கண்ணு, மீதி ஒன்பது உருப்படி,
அகற்ற இறுதி அறிவிப்பு, தேதி இடுக.
தட்டச்சு செய்தேன். சம்பளம் அது.
தேதியில் மாதத்தை மட்டும்
ஒன்று தள்ளிப் போட்டேன்.
யாராவது பார்த்தால் தட்டுப்பிழை.

லோரி ஏறுகிறது.
இருபது அறுநூறு,
ஐந்நூற்று எழுபது...
மேடைக்கு அந்தப் பக்கம்
வெள்ளையும் காவியுமாய் ஒன்று
பள்ளத்தின் விளிம்பில் புல் கடிக்கிறது.
எங்கே தாண்டியதோ.
அ ஹெங் ஹாரனில் கை வைக்கிறான்.
கண்ணாடியைத் தட்டுகிறேன்.