கால்சட்டைப் பைகளின் எடை

எஸ்தோனியாவின் இந்தச் சதுப்பு நிலத்தில்
ஐந்தாவதாக ஒரு பருவம் உண்டு.
பனி உருகி, ஆறு எழுந்து வந்து
பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்துகொள்ளும்.
என் வினாத்தாள்கள் அப்போதுதான் நனைந்தன.
நாற்பது கேள்விகள்.
‘இயற்கையை நேசிக்கிறாயா?
ஒன்று: இல்லவே இல்லை. ஐந்து: மிகவும்.’
எல்லாப் பிள்ளைகளும் ஐந்தையே வட்டமிட்டிருந்தார்கள்,
ஆசிரியர் முதுகுக்குப் பின்னால் நின்றதால்.
மை கரைந்து ஓடியது.
எனக்கொன்றும் வருத்தமில்லை.

மறுவாரம் சமையலறைத் தராசோடு போனேன்.
சதுப்பில் இரண்டு மணி நேரம்,
எதையும் சொல்லித்தராமல்.
திரும்பியதும் பைகளைக் கவிழ்க்கச் சொன்னேன்.

லேலோ: பைன் கூம்பு மூன்று, ஈரப்பாசி,
ஒரு பிஸ்கட் உறை. நாற்பத்தொரு கிராம்.
ஊர்மாஸ்: கைபேசி மட்டும்.
வில்யா: உயிரோடு ஒரு தேரை.
முள் நிற்பதற்குள் குதித்துப் போனது.
‘தேரை, ஏறக்குறைய’ என்று எழுதினேன்.

நெறியாளர் தார்த்துவிலிருந்து கேட்டார்:
ஏறக்குறைய என்பது எந்த அலகு?

தாவெத்: பூஜ்யம்.
ஆறு வாரமும் பூஜ்யம்.
குனிந்து குனிந்து பொறுக்குகிறான், பார்க்கிறேன்.
கவிழ்த்தால் நூல்பிசிறுகூட இல்லை.
தராசு பழுதோ என்று
என் மோதிரத்தைக் கழற்றி வைத்துப் பார்த்தேன்.

ஏழாம் வாரம் அவன் பின்னால் நடந்தேன்.
பலகைப் பாதையில் ஒரு நத்தை ஓடு.
பத்தடி தள்ளிப்
போன வருடத்துக் கிரான்பெரி இரண்டு.
அப்புறம் நெடுந்தூரம் ஒன்றுமில்லை.
அப்புறம் சாம்பல் கொக்கின் இறகு.
ஒவ்வொன்றாக அவன் கால்வழியே
இறங்கிக்கொண்டிருந்தன.
பையில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

“அம்மாவுக்குத் தெரியாதா?”
“ரெண்டு தடவ தைச்சாங்க.”
“அப்புறம்?”
ஆற்றைப் பார்த்தான்.
“கத்தரிக்கோல் என்கிட்டதான் இருக்கு.”

ஏன் என்று நான் கேட்கவில்லை.
ஆய்வாளராகக் கேட்டிருக்க வேண்டும்.
கேட்டிருந்தால் அவனும்
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்
எதையாவது சொல்லித் தொலைத்திருப்பான்.

நான்காம் அட்டவணையில் அவன் பெயருக்கு நேரே
இன்னும் பூஜ்யம்தான்.
அடிக்குறிப்பு மட்டும் வழிந்து
அடுத்த பக்கத்துக்குப் போகிறது:
ஓட்டிலிருந்து கிரான்பெரிக்குப் பத்தடி,
கிரான்பெரியிலிருந்து இறகுக்கு
நான் எண்ண மறந்த தூரம்.
நெறியாளர் சிவப்பில் சுழித்திருக்கிறார்:
இவை தரவா, தவறவிட்டவையா?

பதில் அனுப்பவில்லை.
நேற்று மேலங்கியைத் துவைக்கப் போடும்போது
பழக்கதோஷத்தில் பையைக் கவிழ்த்தேன்.
பேருந்துச் சீட்டு, இருமல் மிட்டாய்,
விரல்நுனி அளவு பாசி.
எப்போது எடுத்தேன், தெரியவில்லை.

தராசு பள்ளியில் இருக்கிறது.