ஏழாம் கூண்டு

குடிநீரில் கலக்கும் பொடி வெள்ளை.
பார்த்தால் சீனி மாதிரிதான்.
நூறு மில்லிக்கு இரண்டரை கிராம்.
ஐந்தாம் நாள் பெருங்குடல் புண்ணாகும்,
ஆறாம் நாள் வாலடியில் ரத்தம்.
செய்முறைத் தாளில் உள்ளதைச் சொல்கிறேன்.
கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

பீடோங்கில் எலி என்றால்
செம்பனைக் குலையைக் கொறிப்பது.
பக்கத்து வீட்டு உலகநாதனுக்குத் தோட்டத்தில்
ஆந்தைப் பெட்டிகளை ஏறிப் பார்க்கும் வேலை.
"எங்கிட்ட அனுப்பு தம்பி, ஒரே ராத்திரியில
வயித்துவலி தீந்துடும்" என்பார்.
சிரிப்பேன்.
சிரித்தால் எனக்கு அடிவயிறு முறுக்கும்.

எலிகளுக்குக் கொடுத்தது நான்.
எனக்குக் கொடுத்தது யாரென்று
அலோர் ஸ்டார் நிபுணருக்கும் தெரியவில்லை.

காலை எட்டுக்கு எடை.
இருபத்திரண்டு கிராம், இருபதரை,
பிறகு பத்தொன்பது.
தராசுக் கிண்ணத்தில் முதுகு கூனி
கண்ணை இடுக்கிக்கொண்டு உட்காரும்.
அந்த உட்காரல் எனக்குத் தெரியும்.
இருபது விழுக்காடு குறைந்துவிட்டால்
மேற்கொண்டு வலிக்க விடக்கூடாது,
அன்றே முடித்துவிட வேண்டும்.
விதி அது; டாக்டர் ஹஸ்லினா
சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்.
போன தீபாவளிக்கு நான் அறுபத்தொரு கிலோ.
சித்திரையில் நாற்பத்தெட்டு.
கணக்குப் போட்டேன்,
கால்குலேட்டரை மேசைக்குள் தள்ளினேன்.

சாணியை அட்டையில் தடவி
இரண்டு சொட்டு விட்டால்
ரத்தம் இருக்குமிடம் நீலமாகும்.
கிளினிக்கில் அதே அட்டை,
ஓரத்தில் என் ஐசி எண்.
அதே நீலம்.

முதல் மூன்று கூண்டுக்கு வெறும் தண்ணீர்.
அவை காகிதத்தைக் கிழித்துக் கூடு கட்டிக்கொண்டு
ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கின.
எலிமேல் பொறாமைப்பட்டவன்
இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எட்டாம் நாள் நான்கு, ஐந்து, ஆறாம் கூண்டுகள்.
குடலை நீவி, இரும்பு அளவுகோலில் கிடத்தினோம்.
எட்டரை இருக்க வேண்டியது
ஆறு சென்டிமீட்டர்.
ஹஸ்லினா எண்ணை வாசிக்க, நான் எழுதினேன்.
அன்று மத்தியானம் நாசி லெமாக் பொட்டலத்தை
இருவருமே பிரிக்கவில்லை.

ஏழாம் கூண்டுக்கு மட்டும் நல்ல தண்ணீர் மாற்றி
விட்டுவைத்தோம், தேறுகிறதா பார்க்க.
பன்னிரண்டாம் நாள் இன்று.
மரத்தூளில் கருப்பரிசிபோல் மூன்று,
கெட்டியாக, காய்ந்து.
கிடுக்கியில் எடுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பட்டியலில் பூஜ்யம் போட்டேன்.
அந்தப் பட்டியலில் பூஜ்யம்தான் சுகம்.

வீட்டுக்கு மோட்டாரில் பதினொரு கிலோமீட்டர்.
பெட்ரோல் நிலையம், சூராவ், ஆ லெங் கோப்பிக்கடை.
ஆ லெங்தான், என் முகத்தைப் பார்த்ததும்
எதுவும் கேட்காமல்
சாவியை நீட்டுகிறவன்.